எண்ணைத் திருத்தும் முன்: உடலின் உப்பும் அமிலமும்

முதியவர் ஒருவர் இரண்டு நாளாகச் சோர்ந்து கிடக்கிறார். பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை. பக்கவாதமோ என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 116. "உடம்பில் உப்பு இறங்கிவிட்டது" என்கிறார் மருத்துவர். உறவினர்கள் அடுத்துக் கேட்பது எங்கேயும் ஒன்றுதான்: "அப்படியானால் உப்பை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே, எதற்கு இத்தனை நாள்?"

நியாயமான கேள்வி. ஆனால் அறிக்கையில் இருக்கும் எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அது ஏன் அப்படி ஆனது, எத்தனை நாளில் ஆனது, எவ்வளவு வேகத்தில் திரும்பக் கொண்டுவரலாம் என்ற மூன்றும் மீதிக் கதை. அது தெரியாமல் எண்ணை மட்டும் திருத்தப் போனால், நோய் செய்யாத கேட்டைச் சிகிச்சை செய்துவிடும்.

பெரியவர் ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். 70 கிலோ என்றால் சுமார் 42 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெறும் மூன்று லிட்டர்; ஆய்வகத்தில் அளப்பது இந்த மூன்று லிட்டரில் உள்ளதை மட்டுமே. செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் (கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் அலகு) அளவில் இருக்கும், உள்ளே பத்துப் பதினைந்துதான். பொட்டாசியம் அப்படியே தலைகீழ்: உள்ளே 140-க்கு மேல், வெளியே 4. செல் சவ்வில் உள்ள ஒரு புரதப் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-ல் இதை விவரித்தார். நாற்பது ஆண்டு கழித்து 1997-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு செய்தி அனுப்புவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான்.

சோடியம் என்பது தண்ணீரின் கணக்கு

ரத்தத்தில் சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை இது சொல்லாது. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைத்தான் சொல்லும். 116 என்று வந்தால் பெரும்பாலும் உப்பு காணாமல் போயிருக்காது, தண்ணீர் தேங்கியிருக்கும்.

தண்ணீரைத் தேக்குவது வாசோபிரசின் என்ற ஹார்மோன். உடல் வற்றும்போது மூளை இதைச் சுரந்து, சிறுநீரில் தண்ணீர் போகாமல் தடுக்கும். நிமோனியா, சில வகை நுரையீரல் புற்றுநோய், மூளைக் காயம், கடும் வலி, விடாத குமட்டல், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் ஆகியவை தேவையில்லாத நேரத்திலும் இதைச் சுரக்க வைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தயசைடு வகை மாத்திரையும் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஆசாமி; வயதானவர்களுக்கு, அதிலும் தொடங்கிய முதல் சில வாரங்களில், சோடியம் சரசரவென்று இறங்கலாம். இதயச் செயலிழப்பிலும் கல்லீரல் சுருக்கத்திலும் உடலில் உப்பும் கூடியிருக்கும், தண்ணீர் அதைவிடக் கூடியிருக்கும். கால் வீங்கியிருக்கும், அறிக்கையில் மட்டும் சோடியம் குறைவு என்று இருக்கும்.

இதனால்தான் ஒரே 116-க்கு மூன்று பேருக்கு மூன்று சிகிச்சை. வாந்தி பேதியில் வற்றிப்போனவருக்குச் சலைன் என்ற உப்புக் கரைசலை ஏற்ற வேண்டும். வாசோபிரசின் தேவையின்றிச் சுரப்பவருக்குக் குடிக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அவருக்குச் சாதாரணச் சலைன் ஏற்றினால், சிறுநீரகம் உப்பை மட்டும் வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ளும், சோடியம் இன்னும் இறங்கும். இதயம் பலவீனமானவருக்குத் தண்ணீரைக் குறைப்பதோடு, நீரை வெளியேற்றும் மருந்தும் வேண்டும். அவருக்கு உப்பு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால்தான் மருத்துவர்கள் சோடியம் குறைந்தவரின் சிறுநீரையும் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். சிறுநீரின் அடர்த்தியும் அதிலுள்ள சோடியமும் சேர்ந்து, சிறுநீரகம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது காலம். சோடியம் சில மணி நேரத்தில் இறங்கினால், தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமில்லை. தலைவலி, வாந்தி, வலிப்பு, கோமா என்று ஓடும். நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வியர்த்தது ஒரு காரணம் என்றாலும், ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணமாக வந்தது. அதுவே நாலைந்து நாளாக மெல்ல இறங்கினால், மூளைச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் கரைபொருள்களை வெளியேற்றி வீக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 116-லும் ஒருவர் கொஞ்சம் தள்ளாடியபடி நடந்துவருவது அப்படித்தான்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அப்படிப் பழகிக்கொண்ட மூளையைச் சுற்றியுள்ள ரத்தத்தில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால், செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறி அவை சுருங்கும்; நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை உரியும். 1959-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பாதிப்பு இது. இதில் கொடுமை, அது உடனே தெரிவதில்லை. சோடியம் ஏறியதும் நோயாளி தெளிவாகிவிடுவார், வீட்டார் நிம்மதி அடைவார்கள். இரண்டு முதல் ஆறு நாள் கழித்துப் பேச்சு மங்கும், விழுங்க முடியாது, கைகால் அசையாது. சிலருக்கு அது மீள்வதே இல்லை.

ஆகவே நாள்பட்ட குறைவில், 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான எல்லை. குடிப்பழக்கம், ஊட்டக்குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியக் குறைவு இருப்பவர்களுக்கு 8 என்பதே உச்சம். வலிப்போ கோமாவோ வந்துவிட்டால் கதை வேறு: 3 சதவீத அடர் சலைனை 100 அல்லது 150 மில்லி, பத்து நிமிடத்தில் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் திரும்பவும். சோடியம் 4 முதல் 6 ஏறினாலே மூளையின் ஆபத்து நீங்கிவிடும்; அங்கே நிறுத்திக்கொள்ளலாம். வேகத்துக்கு இன்னொரு பொறியும் உண்டு. வற்றிப்போனவருக்குச் சலைன் ஏற்றியதும் வாசோபிரசின் அடங்கும், சிறுநீர் நீர்த்துக் குடம்குடமாகப் போகும், யாரும் எதிர்பாராமல் சோடியம் தானே மேலே தாவும். குறைந்திருந்த பொட்டாசியத்தை ஈடு செய்தாலும் சோடியம் கூடவே ஏறும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதும், மூத்திரப் பையின் அளவைக் குறித்துக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான். எல்லை தாண்டிவிட்டால் தண்ணீர் கொடுத்தும், வாசோபிரசினைப் போல வேலை செய்யும் டெஸ்மோபிரசின் ஊசி போட்டும் திரும்ப இறக்குவதும் உண்டு.

இந்த எல்லை மிகையான பயம் என்ற வாதமும் இப்போது இருக்கிறது. சோடியம் குறைவோடு நேர்ந்த 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகளைப் பார்த்த ஒரு கனடிய ஆய்வு 2023-ல் வந்தது. அதில் மயலின் பாதிப்பு வந்தது 12 பேருக்குத்தான். மிக மெதுவாகத் திருத்துவதாலும் தீங்கு உண்டு என்று சொல்பவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதிப்பு வந்தவருக்கு அது வாழ்நாள் முடக்கமாக மாறலாம் என்பதால், ஆபத்துக் காரணம் உள்ளவர்களிடம் பழைய எச்சரிக்கையைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

சோடியம் கூடிப்போவது எளிய கதை: தண்ணீர் போதவில்லை. தாகம் எடுத்தால் குடிக்கத் தெரிந்த, குடிக்க முடிந்த எவருக்கும் இது பெரும்பாலும் வராது. எனவே 160 என்று ஒரு முதியவருக்கோ கைக்குழந்தைக்கோ வந்தால், தாகத்தைச் சொல்ல முடியாமல் கிடந்தார் என்று பொருள். இங்கேயும் மெதுவாகத்தான் இறக்க வேண்டும், நாளுக்குப் பத்து அளவில்.

பொட்டாசியம்: இதயத்தோடு விளையாடும் உப்பு

பொட்டாசியத்தின் இயல்பு அளவு 3.5 முதல் 5. உடலின் மொத்தப் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருப்பதால், உள்ளேயிருந்து சிறிதளவு கசிந்தாலும் ரத்த அளவு எகிறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அத்துடன் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் எனலாப்ரில், லோசார்டன் வகை மருந்துகள், ஸ்பைரோனோலாக்டோன், வலி மாத்திரைகள், டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் அளவை ஏற்றும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளி அதை நல்லது என்று நம்பி வாங்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பொட்டாசியம் 6.8 என்று வந்தால் முதல் வேலை ஈசிஜி. அந்த வரைபடத்தில் டி அலை கூடாரம் போல் கூர்மையாக எழும், பி அலை தட்டையாகி மறையும், கியூஆர்எஸ் அகலும், கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே அலைவடிவமாக நெளியும். அதற்கு அடுத்தது இதயம் நின்றுபோவது. இந்த வரிசை எல்லோரிடமும் ஒழுங்காக வருவதில்லை, ஈசிஜி சுமாராக இருந்தே திடீரென்று நின்றவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், அந்த 6.8 பொய்யாகவும் இருக்கலாம். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டையை இறுக்கிப் போட்டு, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லியிருந்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலோ, பொட்டாசியம் செல்லிலிருந்து கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். ஆள் நன்றாக இருந்து, ஈசிஜியும் சுத்தமாக இருந்தால், உடனே இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

உண்மையான உயர்வுக்குச் சிகிச்சை மூன்று படி. முதலில் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட், 10 மில்லி அல்லது அதற்கு மேல், சில நிமிடங்களில் ரத்த நரம்பு வழியாக. இது பொட்டாசியத்தை ஒரு துளி கூட இறக்காது. இதயத்துக்கு மேல் குடை பிடிக்கும், அவ்வளவுதான். மழை நிற்பதில்லை. ஓரிரு நிமிடத்தில் ஈசிஜி சீராவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஆனால் குடை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மடங்கிவிடும். அதற்குள் இரண்டாம் படி: இன்சுலினும் குளுக்கோஸும். பத்து யூனிட் இன்சுலின், கூடவே 25 கிராம் குளுக்கோஸ். இன்சுலின் செல் சவ்விலுள்ள அந்தப் பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். இருபது நிமிடத்தில் வேலை தொடங்கி நான்கைந்து மணி நேரம் நிற்கும். ஆஸ்துமாவுக்குப் புகையாகப் பிடிக்கும் சால்புட்டமாலும், அதிக அளவில் கொடுத்தால், இதே வேலையைச் செய்யும். இங்கே மறக்கக்கூடாதது சர்க்கரை அளவு. சிறுநீரகம் பழுதானவர் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். மூன்று மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

இதுவரை ஒரு மில்லிமோல் கூட உடலை விட்டுப் போகவில்லை, இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. வெளியேற்றுவது மூன்றாம் படி: சிறுநீர் வருகிறவர்களுக்கு ஃப்ரூசமைடு என்ற நீர்ப்போக்கி, குடலில் பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள், எதுவும் போதாதபோது டயாலிசிஸ். இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியம் 5.4-க்கு வந்துவிட்டது என்று அமர்ந்துவிட்டால், நள்ளிரவில் அது திரும்ப ஏறும்.

பொட்டாசியம் குறைவது வாந்தி, பேதி, நீர்ப்போக்கி மாத்திரைகள் ஆகியவற்றால். கைகால் வலுவிழக்கும், குடல் மந்தமாகும், இதயத் துடிப்பு தடுமாறும். வாய்வழி மருந்தே முதல் தேர்வு. நரம்பில் ஏற்றினால் நன்கு நீர்க்கவைத்து, கையின் நரம்பில் மணிக்கு 10 மில்லிமோல் அளவில்; அதைவிட வேகம் வேண்டுமென்றால் ஈசிஜி கண்காணிப்போடு. பொட்டாசியம் குளோரைடை நேராக ஊசியாகப் போட்டால் இதயம் நின்றுவிடும். இப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் பல நாடுகளில் அடர் பொட்டாசியம் குப்பிகளைச் சாதாரண வார்டு அலமாரிகளிலிருந்தே அகற்றினார்கள். எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைந்தவரின் சிறுநீரகம் பொட்டாசியத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்தால்தான் இதுவும் நிற்கும்.

கால்சியத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: ரத்தத்திலுள்ள கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி அல்புமின் முதலான புரதத்தில் ஒட்டியிருக்கிறது, வேலை செய்வது தனியாகத் திரியும் அயனிப் பகுதி மட்டுமே. அல்புமின் குறைந்தவரிடம் மொத்தக் கால்சியம் குறைவாகக் காட்டும், உண்மையில் குறைவே இருக்காது. கால்சியம் உண்மையிலேயே தாழ்ந்தால் வாயைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்வது, வலிப்பு. பெரும்பாலும் தைராய்டு அறுவைக்குப் பின் வரும். கூடிப்போவதற்குப் பெரும்பாலான நேரம் இரண்டு காரணம்தான், பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பது அல்லது புற்றுநோய். சலைன் தாராளமாக ஏற்றி, எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் கொடுப்பார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அதுவரை கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் ஊசி கைகொடுக்கும்.

பாஸ்பேட்டை யாரும் அதிகம் நினைப்பதில்லை, பல நாள் பட்டினி கிடந்தவருக்குச் சட்டென்று முழு உணவு கொடுக்கும்வரை. இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகள் பட்டினியைத் தாங்கிவிட்டு, சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தார்கள். உணவு வந்ததும் இன்சுலின் எழுகிறது, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்லுக்குள் பாய்கின்றன, ரத்தத்தில் வற்றிவிடுகின்றன, இதயமும் சுவாசத் தசையும் தளர்கின்றன. இதனால்தான் பட்டினி கிடந்தவர்களுக்கு முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தினமும் ரத்தம் பார்க்கிறார்கள்.

அமிலமும் மூச்சும்

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண் பி.எச்.; அது குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை. 7.4 என்பது லிட்டருக்கு வெறும் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. சோடியத்தோடு ஒப்பிட்டால் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவை உடல் காக்கிறது, அதுவும் தினமும் ஏறத்தாழ 15 ஆயிரம் மில்லிமோல் கார்பன் டைஆக்சைடை உற்பத்தி செய்துகொண்டே. அதை நுரையீரல் ஊதித் தள்ளுகிறது. புரதங்கள் எரிவதால் வரும் 50 முதல் 100 மில்லிமோல் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நுரையீரல் நிமிடங்களில் பதில் சொல்லும். சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும்.

கார்பன் டைஆக்சைடு ரத்தத்தில் அமிலமாகிறது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி 1952 கோபன்ஹேகன். போலியோ கொள்ளைநோயில் சுவாசம் முடங்கிய நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் வரிசையாக இறந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் சுவாசக் கருவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர். ரத்தத்தில் மொத்தக் கார்பன் டைஆக்சைடு ஏகமாகக் கூடியிருந்தது. அதைக் காரம் கூடிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் மறுத்தார்: இது காரம் கூடியதல்ல, ஊதித் தள்ள முடியாமல் கார்பன் டைஆக்சைடு தேங்கி ரத்தம் அமிலமாகியிருக்கிறது. ஆகஸ்டு 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் பி.எச். அளந்து இப்சன் சொன்னதை உறுதிசெய்தார். பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும், தமனி ரத்த வாயுப் பரிசோதனையும் அந்த வார்டில் பிறந்தவை. ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததால் போன உயிர்கள் என்பதால், இந்த வரலாற்றை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது? சர்க்கரை நோயுள்ள இளைஞர் ஒருவர், இன்சுலினை நிறுத்திவிட்டு, வயிற்றுவலியோடும் ஆழ்ந்த வேக மூச்சோடும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 7.17, கார்பன் டைஆக்சைடு அழுத்தம் 17 (இயல்பு 35 முதல் 45), அமிலத்தைச் சமன்செய்யும் காரமான பைகார்பனேட் 6 (இயல்பு 22 முதல் 26). சோடியம் 132, குளோரைடு 98, பொட்டாசியம் 5.3.

ரத்தம் அமிலமாகியிருக்கிறது, பைகார்பனேட்தான் சரிந்திருக்கிறது, ஆகவே இது வளர்சிதை மாற்ற அமிலத்தன்மை. நுரையீரல் சரியாக ஈடுகொடுக்கிறதா? பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் இருக்க வேண்டிய கார்பன் டைஆக்சைடு அளவு வரும்: 17. அப்படியே இருக்கிறது. அப்புறம் சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்க வேண்டும்: 132-ல் 104 போக 28. இயல்பு 8 முதல் 12 வரைதான். கணக்கில் வராத அமிலம் ஒன்று உள்ளே இருக்கிறது. இவருக்கு அது, இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன். கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்சிஸ் அதிர்ச்சியில் லாக்டிக் அமிலமும், மெத்தனால் குடித்தவரிடம் ஃபார்மிக் அமிலமும் இதே இடைவெளியைத் தரும். பேதியால் பைகார்பனேட் போனவரிடம் குளோரைடு கூடி, இந்த இடைவெளி இயல்பாகவே இருக்கும்.

இதே இளைஞரிடம் இரண்டு மணி நேரம் கழித்துக் கார்பன் டைஆக்சைடு 28 என்று வந்தால், அது இயல்பை நோக்கி வந்துவிட்டது என்று யாரும் சந்தோஷப்படக்கூடாது. பைகார்பனேட் அதே 6 என்றால் பி.எச். 6.95-க்கு விழுந்திருக்கும். ஆள் மூச்சு விட்டுக் களைத்துவிட்டார் என்பதே அதன் பொருள். இப்படிப்பட்டவரைச் சுவாசக் கருவியில் போட்டு, வழக்கமான வேகத்தில் வைத்தால், சாதாரணமாக இருக்கும் 40 என்ற அளவே அவரைக் கொன்றுவிடும்.

அவருடைய 5.3 பொட்டாசியமும் ஏமாற்று. இன்சுலின் இல்லாததால் செல்லிலிருந்து வெளியே வந்து நிற்கிறது. உடல் மொத்தத்தில், கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிமோல் வரை சிறுநீரில் இழந்திருப்பார். இன்சுலின் தொடங்கியதும் அது உள்ளே பாயும். ஆகவே முதலில் சலைன், பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் இன்சுலின், பொட்டாசியம் 5 சொச்சத்துக்கு இறங்கியதுமே பொட்டாசியத்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். வரும்போதே 3.3 அளவுக்குக் கீழே இருந்தால், இன்சுலினைத் தள்ளிவைத்துப் பொட்டாசியத்தைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அமிலம் இருக்கிறதே, சோடா பைகார்பனேட் கொடுத்தால் என்ன? பி.எச். 7-க்கும் கீழே போனாலொழிய இங்கே அதற்கு வேலை இல்லை. இன்சுலின் கிடைத்ததும் உடலே கீட்டோனைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். பைகார்பனேட்டை ஊற்றினால் பொட்டாசியம் இன்னும் சரியும், வெளியேற்ற வேண்டிய கார்பன் டைஆக்சைடும் கூடும். நாள்பட்ட சிறுநீரக நோயிலும், பேதியில் பைகார்பனேட்டை இழந்தவர்களிடமும் அது நல்ல மருந்து. காரணம் வேறு, மருந்தின் மதிப்பும் வேறு.

நாள்பட்ட நுரையீரல் நோயில் கார்பன் டைஆக்சைடு தேங்கியவருக்கு ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதச் செறிவு வரும் அளவுக்கு மட்டும் கொடுத்து, முகமூடி வழியாகச் சுவாச உதவி தர வேண்டும். அவருக்கும் சோடா உதவாது. எதிர்த் திசையில், விடாத வாந்தியும் நீர்ப்போக்கிகளும் ரத்தத்தைக் காரமாக்கும். அங்கே குறைந்தது குளோரைடு. சலைனும் பொட்டாசியம் குளோரைடும் கொடுத்தால் சிறுநீரகம் மிச்சக் காரத்தைத் தானே வெளியேற்றிவிடும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டு விரல் மரத்துப்போவதும் காரம் கூடியதால்தான். அயனிக் கால்சியம் அப்போது தற்காலிகமாகக் குறைகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். அது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆபத்து.

நரம்பு வழியும் வாய் வழியும்

1832-ல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா, சாகக் கிடந்த மூதாட்டி ஒருவரின் நரம்பில் உப்புக் கரைசலை ஏற்றினார். குழிவிழுந்த கண் தெளிந்து, நாடி திரும்பி, அந்த அம்மா பேசவும் செய்தார். லாட்டா வேறு வேலைக்குப் போனார். பேதி நிற்கவில்லை, யாரும் திரும்ப ஏற்றவில்லை, சில மணி நேரத்தில் அவர் இறந்தார். போனதை ஈடு செய்வதோடு, போய்க்கொண்டே இருப்பதையும் ஈடு செய்ய வேண்டும் என்பது இன்றைக்கும் திரவச் சிகிச்சையின் முதல் பாடம்.

'நார்மல் சலைன்' எனப்படும் 0.9 சதவீதக் கரைசலில் சோடியம் 154, குளோரைடும் 154. ரத்தத்தின் குளோரைடு 100 அளவில்தான் இருக்கும். எனவே லிட்டர் லிட்டராக ஏற்றினால் அந்தக் குளோரைடே அமிலத்தன்மையை உண்டாக்கும். 1883-ல் சிட்னி ரிங்கர், குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பில் துடித்த தவளை இதயம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த உப்பில் நின்றுவிடுவதைப் பார்த்துக் கால்சியத்தின் பங்கைக் கண்டுபிடித்தார். 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் அந்தக் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றும். இரண்டில் எது மேல் என்ற சண்டை ஓயவில்லை. 2018-ல் ஏறத்தாழ 15,800 பேரிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வில் ரிங்கர் லாக்டேட் போன்ற சமச்சீர்க் கரைசலுக்குச் சிறிய அனுகூலம் தெரிந்தது. 2021, 2022-ல் வந்த பெரிய ஆய்வுகளில் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. என் பார்வையில், நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் ரிங்கர் லாக்டேட், தலையில் அடிபட்டவருக்கும் வாந்தியால் குளோரைடை இழந்தவருக்கும் சலைன். ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரக நோயாளிக்கு ஆகாது என்று பயப்படுகிறார்கள். அதிலுள்ளது லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், நம் ரத்தத்தில் இருக்கும் அளவு.

பேதியில் வற்றியவர்களில் பெரும்பாலானவருக்கு ஊசியே வேண்டாம். குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே புரதத்தின் வழியாகச் சேர்ந்து உள்ளே போகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது என்று 1960-ல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலரா நஞ்சு இந்த வழியைக் கெடுப்பதில்லை. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6-க்கு இறங்கியது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். எனப்படும் வாய்வழிக் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல். இழந்த உப்பையும், பொட்டாசியத்தையும், பைகார்பனேட்டுக்கு ஈடான சிட்ரேட்டையும் அந்த ஒரு பொட்டலமே தந்துவிடுகிறது.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கொஞ்சம் தூளைத் தட்டிக் கரைத்துக் கொடுத்தால் அடர்த்தி தாறுமாறாகி, குழந்தைக்குச் சோடியம் ஏறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றோட்டம் ஆனதும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, கரண்டி கரண்டியாகத் திரும்பத் தொடங்கலாம். குடிக்க முடியாத அளவுக்கு மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, மலத்தில் ரத்தம், வலிப்பு, குழிவிழுந்த கண்ணோடு துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுச் சிகிச்சையை நிறுத்தாமல் கையோடு கரைசலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.